ஓரக்கண்ணுக்கு அசைவு தெரியும், ஆள் தெரியாது

போன வருஷம் கண் செக்கப்புக்குப் போனப்ப, கண்ணு பிரஷர் கொஞ்சம் பார்டர்ல இருக்கு, எதுக்கும் ஒரு ஃபீல்டு டெஸ்ட் எடுத்துடுங்கன்னு சொன்னாங்க, அதாவது நேராப் பாக்கறப்ப சுத்தி எவ்ளோ இடம் தெரியுதுன்னு பாக்கற டெஸ்ட். எடுத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு மாதிரியான டெஸ்ட். இருட்டு ரூம், ஒரு கண்ணுக்குப் பேட்ச், தாடையைத் தாங்கியில வெச்சு ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி உக்காரணும், கையில ஒரு பட்டன். நடுவுல ஒரு மஞ்சப் புள்ளி, அதை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது, சுத்தி எங்கயாவது ஒரு குட்டி வெளிச்சம் வந்துட்டுப் போகும், வந்தா அமுக்கணும். அவ்ளோதான்.

அவ்ளோதானேன்னு உக்காந்தேன். ரெண்டே நிமிஷத்துல என் மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. இப்ப வந்துச்சா, இல்ல வந்த மாதிரி நானா நினைச்சுக்கிட்டேனா? அமுக்கலைன்னா கண்ணு போச்சுன்னு எழுதிடுவாங்களோன்னு பயத்துல சும்மா சும்மா அமுக்க ஆரம்பிச்சுட்டேன். "சார், நடுப் புள்ளியைப் பாருங்க, தேடாதீங்க"ன்னு டெஸ்ட் எடுக்கற பொண்ணு பின்னாடி இருந்து சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தேடாம எப்படிங்க இருக்கறது? கண்ணுன்னு ஒண்ணு இருக்கறதே தேடறதுக்குத்தானே.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மெஷின் போடற வெளிச்சம் பார்வைக் கோணத்துல அரை டிகிரி அகலம் கூட இருக்காது, 0.2 செகண்டுதான் நிக்கும், அதுலயும் பாதிக்குப் பாதி நமக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாத்தான் போடும். எந்த இடத்துல எவ்ளோ மங்கலானா தெரியாமப் போகுதுங்கற எல்லையைத் தேடறதுதான் அதோட வேலை. யாரும் இதை முன்னாடியே சொல்றதில்ல, சொல்லியிருந்தா இவ்ளோ வேர்த்திருக்காது. இன்னொரு தந்திரமும் இருக்கு, நடுவுல நடுவுல நம்ம குருட்டுப் புள்ளி, அதாவது கண்ணுல ஒளி வாங்கற செல்லே இல்லாத இடம், அங்கயே வெளிச்சத்தைப் போட்டுப் பாக்கும், அங்க ஒழுங்கா எதுவும் தெரியக் கூடாது, நாம அமுக்கிட்டோம்னா கண்ணை நகத்திட்டோம்னு மாட்டிக்குவோம். நான் நாலு தடவை மாட்டினேன்.

ரிப்போர்ட்டைப் பாத்த டாக்டரம்மா சிரிச்சாங்க. ஃபீல்டு நல்லாத்தான் இருக்கு, பட்டன்தான் பாவம்னாங்க. எனக்கு மனசு ஆறல. "எனக்கு சுத்தி எல்லாமே நல்லாத் தெரியுதே மேடம், அப்புறம் ஏன் அந்தப் புள்ளி மட்டும் தெரிய மாட்டேங்குது?"ன்னு கேட்டேன். "எல்லாமே நல்லாத் தெரியுதா?"ன்னு கேட்டுட்டு எழுந்து என் பின்பக்கமா வந்தாங்க. "நேரா அந்தக் கதவுக் கைப்பிடியைப் பாருங்க. அசையாதீங்க."

காதுக்குப் பக்கத்துல இருந்து மெதுவா ஏதோ முன்னாடி வருது.

"ஏதாவது தெரியுதா?"

"ஆமா, ஏதோ ஆடுது."

"என்ன ஆடுது?"

"தெரியலையே."

"என்ன கலர்?"

"நீலம்." சும்மா அடிச்சு விட்டேன்.

"இப்ப?"

"எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. அதே இடத்துலதான் பிடிச்சிருக்கேன். ஆட்டறதை மட்டும் நிறுத்திட்டேன்."

திரும்பிப் பாத்தா சிவப்புப் பேனா. கையை அங்கயே வெச்சிருக்காங்க. ஆடினப்ப இருந்துச்சு, ஆட்டம் நின்னதும் இல்லாமப் போச்சு, இத்தனைக்கும் நான் கண்ணை சிமிட்டக் கூட இல்ல. அன்னைக்கு ஆரம்பிச்ச பைத்தியம் இது, வீட்டுக்கு வந்தும் விடல.

நீங்களும் பண்ணிப் பாக்கலாம், பேனா பிடிக்க இன்னொரு ஆள் இருந்தா நல்லது, ஏன்னா நம்ம கையையே நாம ஆட்டினா அது எங்க இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். மூணு கலர் பேனா எடுத்து, எதுன்னு சொல்லாம, காதுப் பக்கத்துல இருந்து ஆட்டிக்கிட்டே முன்னாடி கொண்டு வரச் சொல்லுங்க. முதல்ல 'ஏதோ' வரும். கொஞ்சம் தள்ளி கலர் வரும். அது பேனாவா பென்சிலாங்கறது அதுக்கும் ரொம்ப நேரம் கழிச்சு. பேனாவுல எழுதியிருக்கறதைப் படிக்கறதெல்லாம் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரா வந்த பிறகுதான். ரிச்சர்ட் கிரெகரிங்கற உளவியல்காரர் இதுக்கும் ஒரு படி வெளிய ஒரு விஷயம் இருக்குன்னு சொல்லியிருக்கார், பார்வையோட கடைசி விளிம்புல ஏதாவது அசைஞ்சா நமக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா கண்ணு மட்டும் தானா அந்தப் பக்கம் திரும்பும். அதாவது பாக்கறதுக்கு முன்னாடியே திரும்பிடறோம்.

சரி, எவ்ளோ இடம்தான் நமக்குத் தெளிவாத் தெரியுது? கையை முழுசா நீட்டி கட்டைவிரலைத் தூக்குங்க. அந்த நகம் மறைக்கற இடம் சுமாரா ஒண்ணரை ரெண்டு டிகிரி. அவ்ளோதான் உங்க ஹெச்டி. மொத்தப் பார்வை அகலம் 180 டிகிரிக்கும் கொஞ்சம் மேல, அதுல நல்லாத் தெரியறது ஒரு நகம். அந்த நகத்தோட நடுவுல இருந்து ரெண்டு ரெண்டரை டிகிரி தள்ளினாலே கூர்மை பாதியாயிடும், 20 டிகிரி தள்ளினா சுமாரா பத்துல ஒரு பங்கு.

காரணம் விழித்திரையிலயே இருக்கு. நடுவுல ஒரு சின்னக் குழி, ஒண்ணரை மில்லிமீட்டர் அகலம், அதோட நட்ட நடுவுல கூம்பு செல்கள், அதாவது நல்ல வெளிச்சத்துல கலரையும் நுணுக்கத்தையும் பாக்கற செல்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் வரைக்கும் நெருக்கி அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், ஓரத்துக்குப் போகப் போக அந்த நெருக்கம் சட்டுனு குறைஞ்சுடும். ஆனா முக்கியமான விஷயம் அது இல்லன்னு எனக்குத் தோணுது. ஒரு கண்ணுல ஒளி வாங்கற செல்கள் சுமார் 10 கோடி, அங்க இருந்து மூளைக்குப் போற நரம்பு இழைங்க சுமார் 10 லட்சம்தான். நூறு பேருக்கு ஒரு போன் லைன். அதையும் சமமாப் பிரிக்கல, நடுவுல இருக்கற கூம்பு ஒவ்வொண்ணுக்கும் தனி லைன், ஓரத்துல இருக்கறதுங்க கூட்டம் கூட்டமா ஒரே லைன்ல கத்தணும். மூளையிலயும் அதே கதைதான், பார்வைக்கான முதல் பகுதியில கிட்டத்தட்ட பாதி இடம் நடுவுல இருக்கற 10 டிகிரிக்கே போயிடுது. மொத்த இடத்தையும் நடுவு மாதிரியே கூர்மையாப் பாக்கணும்னா அந்த நரம்பும் மூளையும் எவ்ளோ பெருசா இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க, தலையைத் தூக்கவே முடியாது.

ஓரத்துல கூர்மை குறையறதை முதல்ல ஒழுங்கா அளந்தவங்க ஆபெர்ட், ஃபோர்ஸ்டர்னு ரெண்டு ஜெர்மன்காரங்க, 1857-ல. அவங்க பண்ணின வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பிரச்சனை என்னன்னா, ஓரத்துல ஒரு எழுத்தை வெச்சா கண்ணு தானா அங்க ஓடிடும், நான் ஃபீல்டு டெஸ்ட்ல பண்ணின மாதிரியே. அதனால ரூமை இருட்டாக்கிட்டு எழுத்தெல்லாம் இருக்கற ஒரு தாளை வெச்சு, மின்சாரப் பொறி ஒண்ணைப் பளிச்சுன்னு அடிச்சாங்க. கண்ணு நகர்றதுக்குள்ள வெளிச்சம் போயிடும். எத்தனை எழுத்து பிடிபட்டுச்சு, எவ்ளோ தூரம் வரைக்கும்னு குறிச்சுக்கிட்டாங்க. என்னை உக்கார வெச்ச மெஷினும் அடிப்படையில அதேதான் பண்ணுது.

மங்கல்ங்கறது பாதிக் கதைதான். ஓரத்துல இருக்கறது அவுட் ஆஃப் போகஸ் போட்டோ மாதிரின்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்ல. 'கண்ணன்'னு இருக்கு பாருங்க, இந்த வரியிலயே, அதுல இருந்து நாலஞ்சு வார்த்தை தள்ளி ஒரு எழுத்தை முறைச்சுப் பாத்துக்கிட்டே 'கண்ணன்'ல எத்தனை சுழி இருக்குன்னு சொல்ல முயற்சி பண்ணுங்க. ஏதோ தமிழ் இருக்குன்னு தெரியும், கருப்பா சுழி சுழியா இருக்குன்னு தெரியும், ஆனா எந்தச் சுழி எந்த எழுத்தோடதுன்னு பிரிக்க முடியாது. அதே ணகரத்தைத் தனியா ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி அதே தூரத்துல வெச்சா டக்குனு ணன்னு சொல்லிடுவீங்க. அளவு அதேதான், தூரமும் அதேதான், பக்கத்துல ஆள் வந்ததுதான் வித்தியாசம். எழுத்துங்க ஒண்ணுக்கொண்ணு நெருக்கிக் கொன்னுடுதுங்க. போமாங்கற டச்சுக்காரர் 1970-ல இதுக்கு ஒரு கணக்கு சொன்னார், எவ்ளோ தூரம் ஓரத்துல இருக்கோ அதுல சுமார் பாதி இடைவெளி சுத்தி காலியா இருந்தாத்தான் அந்த எழுத்து பிழைக்கும். 10 டிகிரி ஓரத்துல இருந்தா சுத்தி 5 டிகிரி. ரெண்டரைக் கட்டைவிரல் நகம். எந்தப் புஸ்தகம் அப்படி இடம் விட்டு அச்சடிக்குது?

அதனாலதான் படிக்கும்போது கண்ணு வழுக்கிக்கிட்டுப் போறதில்ல, செகண்டுக்கு மூணு நாலு தடவை குதிச்சுக் குதிச்சுப் போகுது. 1975-ல மெக்கான்கி, ரேனர்னு ரெண்டு உளவியல்காரங்க கம்ப்யூட்டர் திரையில கண்ணு எங்க நிக்குதோ அங்க மட்டும் நிஜ எழுத்தைக் காட்டிட்டு மத்த இடத்துல எல்லாம் குப்பை எழுத்தா மாத்தி வெச்சாங்க, கண்ணு நகர்ந்தா அந்த நிஜ எழுத்து ஜன்னலும் கூடவே நகரும். ஜன்னல் போதுமான அளவு பெருசா இருந்தா படிக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியல. ஜன்னல் எவ்ளோ பெருசா இருந்தாப் போதும்னு தொடர்ந்து வந்த சோதனைகள்ல கிடைச்ச கணக்கு, இங்கிலீஷுக்கு, வலது பக்கம் சுமார் 14, 15 எழுத்து, இடது பக்கம் மூணு நாலு. ஹீப்ரு படிக்கறவங்களுக்கு அது அப்படியே இடது பக்கமா சாயுது, ஏன்னா அவங்க வலதுல இருந்து இடதுக்குப் போறாங்க. அதாவது அந்த வரம்பு கண்ணோட குறை மட்டும் இல்ல, கவனமும் கலந்திருக்கு.

இப்ப அசைவுக்கு வரேன், என் சண்டையே இங்கதான்.

எங்க பாத்தாலும் ஒரு வாக்கியம் வரும், ஓரக்கண்ணு அசைவைப் பிடிக்கறதுல நடுக்கண்ணை விட கெட்டின்னு. கூடவே காட்டுல வாழ்ந்த முன்னோர், பின்னாடி இருந்து புலி, அதனாலதான் அப்படின்னு ஒரு கதை. பேனா ஆட்டிப் பாத்த ஜோர்ல நானும் இதை நாலு பேருக்குச் சொன்னேன். தப்பு. மெதுவான அசைவை எடுத்தா நடுக்கண்ணுதான் ஜெயிக்கும், அதுவும் பெரிய வித்தியாசத்துல. செகண்ட் முள்ளு டிக் டிக்குன்னு குதிக்காம வழுக்கிக்கிட்டே போற கடிகாரம் ஒண்ணு இருக்கு எங்கிட்ட, நேராப் பாத்தா ஓடறது நல்லாத் தெரியுது, கண்ணை அப்படியே ஓரமாத் திருப்பிக்கிட்டே போனா முதல்ல முள்ளு சோம்பேறி ஆகுது, அப்புறம் நின்ன மாதிரி ஆகுது, அப்புறம் முள்ளே இல்ல. ஒரே வேகத்துல போற பொருள் ஓரத்துல மெதுவாப் போற மாதிரி தெரியும்ங்கறது ஆராய்ச்சியிலயும் அளந்த விஷயம்தான்.

சரியாச் சொன்னா இப்படித்தான் சொல்லணும்: ஓரத்துக்குப் போகப் போக எல்லாமே கெட்டுப் போகுது, உருவத்தைப் பாக்கற திறமை தலைகுப்புற விழுது, அசைவைப் பாக்கற திறமை படிப்படியா இறங்குது. அதனால ஓரத்துல மிச்சம் இருக்கறது அசைவு மட்டும்தான். மத்த எல்லாரும் லீவு, இவன் மட்டும் ஆபீஸ் வந்திருக்கான், அதுக்காக இவன்தான் பெஸ்ட் எம்ப்ளாயின்னு சொல்ல முடியுமா?

ஆனாலும் இவன் சாதாரண ஆள் இல்ல, அதையும் சொல்லணும். எக்ஸ்னர்ங்கற ஆஸ்திரியா நாட்டு உடலியல்காரர் 1875 வாக்குல ரெண்டு மின்பொறியை வெச்சுப் பண்ணின வேலை இருக்கு. ஓரத்துல ரெண்டு பொறியை ரொம்ப நெருக்கமா வெச்சா, ரெண்டுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஒண்ணாத்தான் தெரியும். அதே ரெண்டையும் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா அடிச்சா, ஏதோ இங்க இருந்து அங்க நகர்ந்துச்சுன்னு தெரியுது. ரெண்டு இடம்னே தெரியாத ரெண்டு இடத்துக்கு நடுவுல ஒரு பயணம் தெரியுது! நான் இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். முதல்ல ஒரு பொருள், அது ஒரு இடத்துல, அப்புறம் வேற இடத்துல, அதனால அசைஞ்சிருக்குன்னு நாம கணக்குப் போட்டு அசைவைக் கண்டுபிடிக்கறதில்ல, அசைவு நேரடியாவே வந்து விழுது, பொருள் இல்லாமலே.

முதல் உலகப் போர்ல தலையில பின்பக்கம் குண்டடி பட்ட சிப்பாய்ங்களை சோதிச்ச ரிடாக்ங்கற டாக்டர் 1917-ல எழுதினது இன்னும் ஒரு படி மேல. பார்வை போயிடுச்சுன்னு குறிச்ச பக்கத்துல ஒரு பொருளை நிறுத்தி வெச்சா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதையே அசைச்சா, ஏதோ அசையுதுன்னு சொல்லுவாங்க. என்னன்னு கேட்டா சொல்லத் தெரியாது. டாக்டரம்மா கேட்டப்ப நான் முழிச்ச முழிதான். நல்ல கண்ணு இருக்கறவங்களுக்கே, அசையாம வர்ற வெளிச்சத்தை விட நகர்ந்து வர்ற வெளிச்சம் இன்னும் கொஞ்சம் வெளிய இருக்கும்போதே தெரிஞ்சுடும்னு ஃபீல்டு டெஸ்ட் பண்றவங்களுக்குத் தெரியும், அதனால ரெண்டு வகை டெஸ்டோட அளவையும் அப்படியே ஒப்பிட மாட்டாங்க.

ஓரக்கண்ணு நிஜமாவே ஜெயிக்கற இடமும் இருக்கு, ரெண்டு. ஒண்ணு துடிப்பு. பழைய டியூப் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவை மின்னி ஓடறப்ப நேராப் பாத்தா அமைதியா இருக்கும், தலையைத் திருப்பிப் பக்கத்துல யார்கிட்டயாவது பேசினா ஓரத்துல வெடவெடன்னு நடுங்கும். அது பிரமை இல்ல, வேகமான துடிப்பை ஓரம் நடுவை விட நல்லாவே பிடிக்கும், வெளிச்சம் பெருசாவும் பிரகாசமாவும் இருந்தா. இன்னொண்ணு இருட்டு. நட்ட நடுவுல கூம்பு மட்டும்தான், இருட்டுல வேலை செய்யற குச்சி செல்கள் அங்க கிடையாது, அதுங்க நடுவுல இருந்து 20 டிகிரி வாக்குலதான் அதிகமா நிக்குதுங்க. மங்கலான நட்சத்திரத்தை நேராப் பாத்தா காணாமப் போறதும், கொஞ்சம் பக்கத்துல பாத்தா திரும்பி வர்றதும் இதனாலதான். கார்த்திகைக் கூட்டத்தை நேரா முறைச்சா எண்ணிக்கை குறையும், சும்மா பக்கத்துல எங்கயோ பாக்கற மாதிரி பாவலா பண்ணினா ஒண்ணு ரெண்டு கூடுதலா எட்டிப் பாக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கலாம். எனக்கு ஆச்சு. ரெண்டு ரோடு குறுக்கா வெட்டற ஒரு இடம், காலி, வெட்டவெளி, எந்த மறைப்பும் இல்ல. நான் கார்ல நிதானமாத்தான் போறேன். வலது பக்க ரோட்டுல இருந்து ஒரு பைக். திடீர்னு வானத்துல இருந்து குதிச்ச மாதிரி வந்துச்சு. ரெண்டு பேரும் பிரேக் அடிச்சோம், அவர் என்னைத் திட்டின திட்டு நியாயமான திட்டு. "கண்ணு தெரியலையா?"ன்னு கேட்டார். நான் அந்தப் பக்கம் பாத்தேன், சத்தியமா பாத்தேன், ஒண்ணும் இல்ல.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ரெண்டு வண்டி ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துல, வேகம் மாறாம, நேர்க்கோட்டுல வந்துக்கிட்டிருந்தா, ஒருத்தர் பார்வையில இன்னொருத்தர் அதே கோணத்துலயே இருப்பார். பக்கவாட்டுல நகரவே மாட்டார். கிட்ட வர வர கொஞ்சம் கொஞ்சமா பெருசாவார், அந்தப் பெருசாகறதும் கடைசி ரெண்டு மூணு செகண்டு வரைக்கும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத்தான் இருக்கும். நம்மள இடிக்காம முன்னாடியோ பின்னாடியோ போயிடப் போறவன்தான் பார்வையில நகர்வான், ஓரக்கண்ணு அவனைப் பத்தித்தான் கத்தும். இடிக்கப் போறவன் அசையாம நிப்பான். போதாக்குறைக்கு கார் முன் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கற அந்தத் தூணுக்குப் பின்னாடியே அவன் வந்தான்னா, கடைசி வரைக்கும் தூணுக்குப் பின்னாடியேதான் இருப்பான்.

கப்பல்காரங்களுக்கு இது அரிச்சுவடி. 1972-ல வந்த கடல் மோதல் தடுப்பு விதிகள்லயே இருக்கு, கிட்ட வர்ற கப்பலோட திசைக் கோணம் சொல்லிக்கிற அளவுக்கு மாறலைன்னா மோதல் ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கணும்னு. விமானம் ஓட்டறவங்களுக்கும் இதைச் சொல்லித் தர்றாங்க, சும்மா ஒரே பக்கம் பாத்துக்கிட்டு அசையறதுக்காகக் காத்திருக்காத, வானத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் கண்ணை நிறுத்திப் பாருன்னு. கார் லைசென்ஸ் வாங்கினப்ப எனக்கு யாரும் சொல்லல. இப்ப சந்திப்பு வந்தா சீட்ல முன்னாடி சாஞ்சு, பின்னாடி சாஞ்சு, கோழி மாதிரி தலையை ஆட்டிப் பாக்கறேன். கூட வர்றவங்க சிரிக்கறாங்க, சிரிக்கட்டும். உலகம் அசையலைன்னா நாமதான் அசையணும்.

கண்ணே அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்குங்கறது இன்னொரு ஆச்சரியம். ஒரு இடத்தையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா ஓரத்துல அசையாம இருக்கறதெல்லாம் மெல்லக் கரைஞ்சு போகும், டிராக்ஸ்லர்ங்கற சுவிஸ் டாக்டர் 1804-லயே இதை எழுதி வெச்சுட்டார். நடுவுல அப்படி ஆகாததுக்குக் காரணம், நாம அசையாமப் பாக்கறோம்னு நினைச்சாலும் கண்ணு பொடிப்பொடியா நடுங்கிக்கிட்டே இருக்கு. 1950-கள்ல அந்த நடுக்கத்தோடயே படமும் சேந்து நகர்ற மாதிரி கருவி பண்ணிப் பாத்தாங்க, அதாவது விழித்திரையில படம் துளி கூட நகராது, சில செகண்டுல நட்ட நடுவுல இருக்கற படமும் காணாமப் போச்சு. நம்ம கண்ணுக்குள்ள ரத்தக் குழாய்ங்க ஒளி வாங்கற செல்களுக்கு முன்னாடிதான் ஓடுது, அதோட நிழல் எப்பவும் அங்கயே விழுந்துக்கிட்டிருக்கு, பிறந்ததுல இருந்து நகராததால ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. அன்னைக்கு டாக்டரம்மா பக்கவாட்டுல இருந்து வெளிச்சத்தை ஆட்டிப் பரிசோதிச்சப்ப ஒரு கணம் கருப்பா, இலையெல்லாம் கொட்டிப் போன மரம் மாதிரி ஒண்ணு முன்னாடி விரிஞ்சுது. மேடம் ஏதோ மரம் தெரியுதுன்னேன். "உங்க மரம்தான்"னாங்க. விளக்கு நின்னதும் மரம் போயிடுச்சு.

ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் ஃபீல்டு டெஸ்ட். பிரஷர் பார்டர்ல இருக்கறவங்களை விட மாட்டாங்க, பார்வை நரம்பு கெட்டுப் போற குளுக்கோமா நோய்ல ஓரம் கொஞ்சம் கொஞ்சமாத் தேயறப்ப நமக்குத் தெரியவே தெரியாது, இருட்டா ஒரு ஓட்டை எல்லாம் தெரியாது, இல்லாத இடம் இல்லாத மாதிரியே இருக்காது, அதனால மெஷின்தான் கேட்டுச் சொல்லணும். அதே இருட்டு ரூம், அதே கிண்ணம், அதே பொண்ணு. இந்தத் தடவை தேடல, மஞ்சப் புள்ளியை மட்டும் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். மூணாவது நிமிஷம் கிண்ணத்தோட ஓரமெல்லாம் பனி மூடின மாதிரி சாம்பலாக் கரைய ஆரம்பிச்சுது. போன தடவை இதுக்குத்தான் பயந்து கண்டபடி அமுக்கியிருக்கேன். டிராக்ஸ்லர் ஐயா வந்துட்டார்னு நினைச்சுக்கிட்டு ஒரு தடவை கண்ணை சிமிட்டினேன், கிண்ணம் முழுசா திரும்பி வந்துச்சு. அந்த சிமிட்டலுக்குள்ள ஒரு புள்ளி வந்துட்டுப் போயிருக்கும்னு நினைக்கறேன்.